யாருக்காகக் கைதட்டுவது?

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை மாதத்தில், பிரான்ஸ் நாட்டின் சாலைகளில் மூன்று வார காலம் ஒரு மிதிவண்டிப் பந்தயம் நடைபெறுகிறது. டூர் டி பிரான்ஸ் என்பது அதன் பெயர். 1903-இல் தொடங்கிய இப்பந்தயம் இரு உலகப் போர்களின் காலத்தில் மட்டுமே நின்றது. மொத்தம் 21 நாள் ஓட்டம். இடையில் இரண்டு நாள் ஓய்வு. கடக்க வேண்டிய தொலைவு ஏறத்தாழ 3,300 முதல் 3,500 கிலோமீட்டர். ஒரு நாளின் ஓட்டம் முடியும்போது இந்தியாவில் இரவு ஒன்பது மணி ஆகியிருக்கும். உணவுக்குப் பின் தொலைக்காட்சி முன் அமர்பவர்களுக்கு இதைவிட வசதியான நேரம் இல்லை. ஆயினும் நம்மில் பெரும்பாலோர், வண்ணச் சட்டைக்காரர்கள் கூட்டமாக மிதித்துச் செல்லும் அக்காட்சி வந்ததும் அடுத்த அலைவரிசைக்குத் தாவிவிடுகிறோம். 2025-இல் அங்கே புறப்பட்ட 184 பேரில் ஓர் இந்தியர்கூட இல்லை என்பதே காரணம். இதுவரை அந்தப் பந்தயத்தில் இந்தியர் எவரும் ஓட்டியதில்லை.

நம்மவர் இல்லாத ஒரு போட்டியில் யாரை நம்மவராக்கிக்கொள்வது? கேள்வி விளையாட்டாகத் தோன்றலாம். பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்ற எனக்கு அது அவ்வளவு எளியதாகப் படவில்லை. மனிதர் தம் விருப்பத்தை எப்படித் தேர்கிறார்கள் என்பதே எங்கள் துறையின் முதல் பாடம். ஆனால் அந்தப் பாடநூல்கள், விருப்பங்கள் ஏற்கெனவே உள்ளன என்று எடுத்துக்கொண்டு தொடங்கிவிடுகின்றன. அவை எங்கிருந்து வந்தன என்று கேட்பதில்லை.

பக்கம் சேர்வதில் மதுரைக்காரர்களுக்கு எவரும் பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை. அலங்காநல்லூரிலும் பாலமேட்டிலும் வாடிவாசல் திறக்கும்போது, வருவது எந்த ஊர்க் காளை என்று அறிவிக்கும் குரலைக் கேட்ட மறுகணமே கூட்டம் இரண்டாகிவிடும். தென்மாவட்டங்களின் மாட்டுவண்டிப் பந்தயங்களில் மாட்டின் உரிமையாளர் எந்த ஊர் என்பதை வைத்தே பாதி ஆரவாரம் எழுகிறது. எம்.ஜி.ஆரா, சிவாஜியா என்ற வழக்கு இந்நகரத்தின் தேநீர்க் கடைகளில் ஒரு தலைமுறை முழுவதும் நடந்தது. இத்தாலியிலும் ஏறத்தாழ அதே காலத்தில் இதே வழக்கு இருந்தது. ஆனால் இரண்டு மிதிவண்டி வீரர்களைப் பற்றி. பழமையில் ஊறிய, பக்திமானான ஜீனோ பார்த்தாலி ஒருபுறம். நவீனத்தின் முகமாகக் கருதப்பட்ட ஃபாஸ்டோ கோப்பி மறுபுறம். பார்த்தாலி 1938-இலும், போர் இடைவெளிக்குப் பின் பத்தாண்டு கழித்து 1948-இலும் டூர் பந்தயத்தை வென்றவர். போர்க்காலத்தில் யூதர்களைக் காப்பதற்கான போலி ஆவணங்களைத் தம் மிதிவண்டிக் குழாய்க்குள் மறைத்து எடுத்துச் சென்றவர். உயிரோடு இருந்தவரை அதைப் பற்றி அவர் பெருமை பேசிக்கொண்டதில்லை. 2013-இல்தான் இஸ்ரேலின் யாத் வஷேம் நினைவகம் அவரைக் கௌரவித்தது. பந்தய மேடையில் கைதட்டிய இத்தாலியர்களுக்கு, அவர்கள் எதற்காகக் கைதட்டியிருக்க வேண்டும் என்பது அன்று தெரியாது.

ஊர், சாதி, மொழி, நாடு என்று பக்கம் சேரும் வழிகள் நமக்குப் பழகியவை. அவை எவையும் உதவாத இடத்தில்தான் ஒரு பந்தயத்தை உண்மையிலேயே பார்க்கத் தொடங்குகிறோம் என்பது என் அனுபவம். அப்படிப் பார்ப்பதற்கு, இப்பந்தயம் எப்படி இயங்குகிறது என்று சற்றுத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில், இது தனிநபர் போட்டியைப் போலத் தோன்றும் குழுப் போட்டி. ஓர் அணிக்கு எட்டுப் பேர். மொத்த நேரக் கணக்கில் முன்னிலையில் இருப்பவர் மஞ்சள் சட்டை அணிவார். பந்தயத்தைத் தொடங்கிய நாளிதழ் மஞ்சள் தாளில் அச்சானதால் 1919 முதல் அந்த நிறம் வந்தது என்பர். (ஒரு நாளிதழ் தன் விற்பனையைப் பெருக்க நடத்திய விளம்பர உத்தி இன்று உலகின் பெரிய விளையாட்டு நிகழ்வுகளில் ஒன்றாக நிற்கிறது. இதைப் படிக்கும் பத்திரிகை நண்பர்கள் பெருமூச்சு விடலாம்.) புள்ளிகளில் முந்துபவருக்குப் பச்சைச் சட்டை, மலையேற்றத்தில் சிறந்தவருக்குச் சிவப்புப் புள்ளிகள் இட்ட வெள்ளைச் சட்டை, இளைஞர்களில் முதல்வருக்கு வெள்ளைச் சட்டை. ஒரே சாலையில் ஒரே நேரத்தில் நான்கு பந்தயங்கள் நடப்பதாகக் கொள்ளலாம். இவை எதிலும் சேராமல், அன்றைய ஒரு நாள் ஓட்டத்தை வென்றால் போதும் என்று புறப்படுபவர்களும் உண்டு.

இரண்டாவது, காற்று. சமதளச் சாலையில் வேகமாகச் செல்பவரின் உழைப்பில் பெரும்பகுதியைக் காற்றுத் தடையே தின்றுவிடுகிறது. முன்னால் ஒருவர் சென்றால் பின்னால் வருபவருக்குச் சுமை குறையும். 2018-இல் பெர்ட் பிளாக்கன் என்னும் பொறியியல் பேராசிரியரின் குழு 121 வீரர்கள் கொண்ட கூட்டத்தை ஆராய்ந்தது. கூட்டத்தின் நடுவிலும் பின்பகுதியிலும் செல்பவர்கள் எதிர்கொள்ளும் தடை, தனியாகச் செல்பவரின் தடையில் 5 முதல் 10 விழுக்காடு மட்டுமே எனக் கண்டது. அதாவது, கூட்டத்துக்குள் இருப்பவர் பயணம் செய்கிறார். முன்னால் இருப்பவர் உழைக்கிறார்.

பொருளியலில் 'இலவசப் பயணி' என்று ஒரு கருத்து உண்டு. பொதுநன்மைக்குத் தன் பங்கைச் செலுத்தாமல் பலனை மட்டும் பெறுபவரைக் குறிக்கும் சொல் அது. தெருக் குழாயை யாராவது சரிசெய்யட்டும் என்று காத்திருக்கும் அண்டைவீட்டுக்காரரை நினைத்துக்கொண்டால் போதும். மிதிவண்டிப் பந்தயத்தில் அந்தச் சொல் உவமையாகவன்றி நேர்ப்பொருளிலேயே பொருந்துகிறது. ஐந்து பேர் கூட்டத்திலிருந்து பிரிந்து முன்னேறுகிறார்கள் என்று கொள்வோம். மாறி மாறி முன்னால் நின்று காற்றை வாங்கினால் ஐவரும் தப்பிக்கலாம். ஒருவர் மட்டும் தம் முறை வரும்போது பின்வாங்கினால் கடைசி நூறு மீட்டரில் அவர் கால்களே புதிதாக இருக்கும், அவரே வெல்வார். ஐவரும் அப்படியே நினைத்தால் கூட்டம் வந்து ஐவரையும் விழுங்கிவிடும். கைதிகளின் இக்கட்டு என்று வகுப்பறையில் கரும்பலகையில் கட்டம் போட்டு விளக்கியதை, இங்கே வியர்வையோடு காண முடிகிறது. ஆனால் கரும்பலகையில் இல்லாத ஒன்றும் உண்டு. இவர்கள் நாளையும் சந்திக்க வேண்டியவர்கள். இன்று ஏய்த்தவருடன் நாளை எவரும் சேர்ந்து உழைக்கமாட்டார்கள். சட்டப் புத்தகத்தில் இல்லாத அந்த நியாயம்தான் கூட்டத்தைக் கட்டிக்காக்கிறது.

ஆகவே, ஒருவரைத் தேர்வதற்கு முன் அவர் காற்றை வாங்குகிறாரா, காற்றுக்கு ஒளிகிறாரா என்று பாருங்கள். என் முதல் அளவுகோல் அதுதான்.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்தவுடன் நம் கண் வெற்றியாளரை விட்டு நகர்ந்துவிடும். ஒவ்வோர் அணியிலும் தலைவர் ஒருவர். ஏனையோர் பெரும்பாலும் அவருடைய உதவியாளர்கள். காரிடம் பின்தங்கிச் சென்று தண்ணீர்ப் புட்டிகளைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு மீண்டும் முன்னேறி வருவதும், தலைவருக்கு முன்னால் நின்று காற்றை மறைப்பதும், அவர் சக்கரம் பழுதானால் தம் சக்கரத்தைக் கழற்றிக் கொடுப்பதும் இவர்கள் வேலை. 1934-ஆம் ஆண்டுப் பந்தயத்தில் ரெனே வியெட்டோ என்ற 20 வயது இளைஞர் பைரனீஸ் மலையில் தம் தலைவர் அந்தோனன் மாஞுக்குச் சக்கரத்தைக் கொடுத்துவிட்டு, கற்சுவர் ஒன்றின்மேல் அமர்ந்து மாற்றுச் சக்கரத்துக்காகக் கண்ணீரோடு காத்திருந்தார். மாஞ் வென்றார், வியெட்டோ ஐந்தாமிடம். பிரான்ஸ் அந்தக் கண்ணீரைத்தான் நினைவில் வைத்தது.

அண்மைக் கதை ஒன்றும் உண்டு. அமெரிக்கரான செப் குஸ் அத்தகைய உதவியாளர். 2023-இல் தம் அணித் தோழர் பிரிமோஷ் ரோக்லிச் இத்தாலியப் பந்தயத்தை வெல்லவும், யோனாஸ் விங்கெகோர் டூர் பந்தயத்தை வெல்லவும் மலைகளில் உழைத்தார். அதே ஆண்டில் ஸ்பெயின் நாட்டின் வுவெல்டா பந்தயத்தில், யாரும் எதிர்பாராமல் அவரே முன்னிலைக்கு வந்தார். இப்போது தோழர்கள் இருவரும் அவருக்கு உழைப்பார்கள் என்றுதானே நினைப்போம்? ஆங்கிலிரு என்னும் செங்குத்தான மலையில் இருவரும் அவரைப் பின்னால் விட்டுவிட்டுச் சென்றார்கள். அன்று மாலை குஸ்ஸின் முன்னிலை வெறும் 8 விநாடிகள். சாலையோர ரசிகர்களும் உலகெங்கும் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் கொதித்தனர். மறுநாள் அணியின் போக்கு மாறியது. குஸ் 17 விநாடி வேறுபாட்டில் பட்டம் வென்றார். கைதட்டல் வெறும் ஒலி என்று எண்ணுவோர் இந்நிகழ்வைக் கருதிப் பார்க்கலாம். ஓர் அணியின் உள்கணக்கையே பார்வையாளரின் நியாய உணர்வு திருத்தியது என்றே நான் கொள்கிறேன்.

தோற்றவரை நேசிப்பதில் தமிழர்களை விஞ்ச எவருமில்லை என்று நாம் பெருமை கொள்வதுண்டு. 1964 பொங்கலுக்கு வெளிவந்த 'கர்ணன்' திரைப்படத்தைப் பார்த்து அழாத குடும்பம் உண்டா? அதே 1964-ஆம் ஆண்டு ஜூலையில் பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் கர்ணனைக் கண்டுகொண்டார்கள். ஐந்து முறை டூர் பந்தயத்தை வென்ற ஜாக் ஆங்க்கெத்திலுக்கும், குடியானவர் மகனான ரேமோன் பூலிதோருக்கும் புய் தெ தோம் மலையில் நடந்தது தோளோடு தோள் உரசிய போட்டி. அந்த ஆண்டு பூலிதோர் தோற்றது 55 விநாடிகளில். அவர் 14 முறை டூரில் பங்கேற்றார். மூன்று முறை இரண்டாமிடம், ஐந்து முறை மூன்றாமிடம். கடைசி மூன்றாமிடம் 40 வயதில். ஒருமுறைகூட வென்றதில்லை, ஒரு நாள்கூட மஞ்சள் சட்டை அணிந்ததில்லை. ஆனாலும் மக்கள் மனத்தில் ஆங்க்கெத்திலைவிட உயரத்தில் இருந்தவர் அவர்தான். வென்றவருக்கு இது புரியவே இல்லை என்பார்கள். பூலிதோர் 2019-இல் காலமானார். அவருடைய மகள் வயிற்றுப் பேரன் மத்தியூ வான் டெர் போல், 2021-இல் தம் முதல் டூரின் இரண்டாம் நாளிலேயே மஞ்சள் சட்டையை அணிந்து, வானத்தை நோக்கி விரல் உயர்த்தி அழுதார்.

இனி நாட்டுக் கணக்குக்கு வருவோம். 2020 முதல் 2025 வரையிலான ஆறு டூர் பந்தயங்களில் நான்கை வென்றவர் ஸ்லோவேனியாவின் டாடேய் பொகாச்சர். அவருடைய முதல் வெற்றி மற்றொரு ஸ்லோவேனியரிடமிருந்து பறித்தது. 2020-இல் இறுதிநாளுக்கு முந்தைய நாள் காலை 57 விநாடி முன்னிலையில் இருந்த ரோக்லிச், மாலையில் 59 விநாடி பின்தங்கிவிட்டார். பறித்தவருக்கு அப்போது 22 வயது நிறைய இரண்டு நாள் இருந்தது. ஸ்லோவேனியாவின் மக்கள்தொகை ஏறத்தாழ 21 லட்சம். 2011 கணக்கெடுப்பின்படி மதுரை மாவட்டத்தின் மக்கள்தொகை 30 லட்சத்துக்கும் அதிகம். நம் ஒரு மாவட்டத்தைவிடச் சிறிய நாடு உலகின் முதலிரு இடங்களையும் எடுத்துக்கொண்டது. மக்கள்தொகையே வலிமை என்று மேடைகளில் முழங்குவோர் இந்த எண்களை ஒருமுறை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

என் தேர்வு பொகாச்சர் அல்லர். திறமையில் குறை சொல்ல முடியாது. 2025 செப்டம்பரில் ருவாண்டாவின் கிகாலியில், ஆப்பிரிக்க மண்ணில் முதன்முறையாக நடந்த உலகச் சாலைப் போட்டியிலும் அவரே வென்றார். ஆனால் எப்போதும் வெல்பவருக்கு என் கைதட்டல் எந்தக் கூடுதல் பயனையும் தராது. இறுதிநிலைப் பயன்பாடு குறைந்துகொண்டே செல்லும் என்ற விதி கைதட்டலுக்கும் பொருந்தும்.

நான் பார்ப்பது எரித்ரியாவின் பினியாம் கிர்மாயை. செங்கடலோரம் இருக்கும் அந்நாடு இத்தாலியின் குடியேற்றமாக இருந்தது. ஆண்டவர்கள் மிதிவண்டிப் பந்தயத்தையும் உடன் கொண்டுவந்தார்கள். இத்தாலியர் போனார்கள், பந்தயம் நின்றுவிட்டது. ஆங்கிலேயர் விட்டுச்சென்ற கிரிக்கெட்டை நாம் நமதாக்கிக்கொண்டதைப் போல, அஸ்மாரா நகரம் மிதிவண்டியைத் தனதாக்கிக்கொண்டது. 2015 டூரில் எரித்ரியரான டேனியல் டெக்லெஹைமனோட் மலையேற்றச் சட்டையை அணிந்தபோது உலகம் திரும்பிப் பார்த்தது. 2022-இல் இத்தாலியப் பந்தயத்தில் ஒரு நாள் ஓட்டத்தை வென்ற கிர்மாய், வெற்றி மேடையில் மதுப்புட்டியைத் திறக்கையில் அதன் தக்கை தெறித்துக் கண்ணில் பட்டு, பந்தயத்தை விட்டே விலக நேர்ந்தது. கொண்டாடியதற்காகத் தண்டிக்கப்பட்ட வீரர் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. 2024 ஜூலை 1 அன்று டூரின் மூன்றாம் நாள் ஓட்டத்தை டுரின் நகரில் வென்றார். டூரில் ஒரு நாள் ஓட்டத்தை வென்ற முதல் கறுப்பின ஆப்பிரிக்கர் ஆனார். மேலும் இரண்டு நாள்களை வென்று, பச்சைச் சட்டையோடு ஊர் திரும்பினார். இவருக்காகக் கைதட்டுவதில் ஓர் அரசியல் இருக்கிறது என்றால், இருக்கட்டும்.

கல்வித்துறையில் இருந்தவர்களுக்கு இன்னொரு பெயர் உண்டு. 2021 ஜூலை 25 அன்று டோக்கியோ ஒலிம்பிக் மகளிர் சாலைப் பந்தயத்தில் தங்கம் வென்ற ஆஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோஃபர் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். எந்தத் தொழில்முறை அணியிலும் இல்லாதவர்; பயிற்சியையும் உணவையும் தாமே கணக்கிட்டவர். பந்தயம் தொடங்கியவுடன் சிலரோடு முன்னேறினார். ஏறத்தாழ 40 கிலோமீட்டர் மீதமிருக்கையில் தனியானார். ஒலிம்பிக்கில் வீரர்கள் காதில் வானொலிக் கருவி வைத்துக்கொள்ள அனுமதியில்லை. பின்னால் வந்த வலிமைமிக்க நெதர்லாந்து அணி, முன்னால் ஒருவர் இருக்கிறார் என்பதையே அறியவில்லை. 75 விநாடி கழித்துக் கோட்டைக் கடந்த அன்னமிக் வான் ஃப்ளூட்டன், தாமே வென்றதாக எண்ணிக் கைகளை உயர்த்தினார். என் முன்னாள் மாணவிகளுக்கு இந்தக் கதையை நான் சொல்லாமல் விட்டதில்லை.

எவரையும் நேசிக்கலாம் என்று எழுதிவிட்டு, இந்த விளையாட்டின் இருண்ட பக்கத்தைச் சொல்லாமல் போவது நேர்மையன்று. 2004 வாக்கில் மஞ்சள் நிற ரப்பர் வளையம் ஒன்று உலகெங்கும் இளைஞர்களின் மணிக்கட்டில் ஏறியது. நம் கல்லூரி வளாகங்களிலும் அதைக் கண்டிருக்கிறேன். புற்றுநோயை வென்று, 1999 முதல் 2005 வரை தொடர்ந்து ஏழு முறை டூர் பட்டம் பெற்ற லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் அடையாளம் அது. 2012-இல் ஊக்கமருந்துப் பயன்பாடு நிறுவப்பட்டு ஏழு பட்டங்களும் பறிக்கப்பட்டன. அந்த ஏழு ஆண்டுகளுக்கும் வேறு எவரையும் வெற்றியாளராக அறிவிக்கவில்லை; பட்டியலில் இன்றும் வெற்றிடம்தான். இரண்டாமிடத்தில் இருந்தவர்களில் பலரையும் அதே சந்தேகம் தொட்டிருந்ததே காரணம். நம்பிய ரசிகர்களை முட்டாள்கள் என்று ஏளனம் செய்தவர்கள் உண்டு. எனக்கு அது உடன்பாடன்று. ஏமாற்றியவர் பொறுப்பை ஏமாந்தவர் தலையில் ஏற்றக் கூடாது. ஆனால் வெற்றியாளரின் வரலாற்றை மட்டும் பார்த்து மயங்குவதைவிட, மூன்று வாரமும் ஒருவர் கூட்டத்துக்குள் எப்படி நடந்துகொள்கிறார் என்று கவனிப்பது பாதுகாப்பானது.

பணத்தைப் பற்றியும் சில சொற்கள். இந்தப் பந்தயத்தைச் சாலையோரம் நின்று பார்க்கக் கட்டணம் இல்லை. ஆதலால் அணிகளுக்கு நுழைவுச் சீட்டு வருமானமும் இல்லை. முதலிடம் பெறுபவருக்குப் பரிசு 5 லட்சம் யூரோ. வழக்கப்படி அதை அணியோடு பகிர்ந்துகொள்வார்கள். அணிகள் வாழ்வது விளம்பரதாரர் தரும் பணத்தில். அவர் விலகினால் அணியின் பெயரே மாறும், சில வேளை அணியே மறையும். இன்றோ ஐக்கிய அரபு அமீரகம், பஹ்ரைன் போன்ற நாடுகளின் பணமே வலுவான அணிகளின் பின்னால் நிற்கிறது. யார் சட்டையில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கைதட்டுவதும் ஒரு தேர்வுதான்.

என் சிறுவயதில் ஊர்ப் பொட்டல்களில் தொடர் சைக்கிள் ஓட்டம் நடக்கும். குழல் விளக்கும் ஒலிபெருக்கியும் கட்டி, ஒருவர் காலைத் தரையில் ஊன்றாமல் ஒரு வாரம் இரவும் பகலும் வட்டமாகச் சுற்றுவார். உணவும் குளியலும் சைக்கிள் மேலேயே. பிடித்துப்போனவர்கள் அவர் சட்டையில் ரூபாய்த் தாளைக் குத்திவிடுவார்கள். நடுவில் விளம்பரதாரர் இல்லை. ரசிகரின் அன்பு அப்படியே வருமானமாக மாறிய அந்த எளிய சந்தையை எந்தப் பாடநூலும் குறித்து வைக்கவில்லை.

அப்படியானால் நம்மவர் எங்கே? இந்திய மிதிவண்டி வீரர்கள் ஒலிம்பிக்கில் கடைசியாகப் பங்கேற்றது 1964 டோக்கியோவில். கர்ணன் படம் வந்த அதே ஆண்டு! சீனாவுக்கு அடுத்தபடியாக உலகில் அதிக மிதிவண்டிகளைச் செய்யும் நாடு இது. சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-இல் நிறுவப்பட்டது. ஏ.வி. பாலத்தின் மேல் ஆலைத் தொழிலாளர்களும் மாணவர்களும் அணியணியாக மிதித்துச் சென்று கோரிப்பாளையம் சந்திப்பில் பிரிந்த காட்சி என் வயதினருக்கு நினைவிருக்கும். மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் சைக்கிள் கடை இல்லாத தெரு அன்று இல்லை. புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் முனைப்பில், பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுத்தந்தது. 70,000-க்கும் மேற்பட்ட பெண்கள் பொது அரங்குகளில் தங்கள் திறனைக் காட்டினார்கள் என்று பத்திரிகையாளர் பி.சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். 2001-இல் பட்டியலின, பழங்குடி மாணவிகளுக்கு எனத் தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம், பின்னர் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர் அனைவருக்கும் விரிந்தது. இவ்வளவும் இருந்தும், அந்த மாணவர்களில் ஒருவரிடம் மிதிவண்டி வீரர் ஒருவரின் பெயரைக் கேட்டால் பதில் வராது.

காரணத்தைத் தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. நாம் மிதிவண்டியைப் போக்குவரத்துக் கருவியாகவே கண்டோம். வசதி வந்ததும் இறங்கிவிட வேண்டிய வண்டியாகவே கண்டோம். முன்னணிப் பந்தய வண்டி ஒன்றின் விலை இன்று 10 லட்சம் ரூபாயைத் தாண்டும். சாலைப் பந்தயத்தில் உயர, பதின்ம வயதிலேயே ஐரோப்பியச் சாலைகளில் ஆண்டுக்குப் பல பந்தயங்கள் ஓட்ட வேண்டும். அதைவிடச் செலவு குறைந்த உள்ளரங்கத் தடப் பந்தயத்தில், 2010 காமன்வெல்த் போட்டிக்காகத் தில்லியில் கட்டிய அரங்கத்தின் துணையோடு, நம் இளைஞர்கள் முன்னேறினார்கள். 2004 ஆழிப்பேரலையில் மரத்தில் ஏறி உயிர் தப்பிய ஒன்பது வயதுச் சிறுமி டெபோரா ஹெரால்டு, அந்தமானிலிருந்து வந்து நாட்டின் முன்னணித் தட வீராங்கனை ஆனார். அதே தீவுகளின் ஈசோ ஆல்பன் 2018-இல் சுவிட்சர்லாந்தில் நடந்த உலக இளையோர் தடப் போட்டியில் வெள்ளி வென்றார். மிதிவண்டியில் இந்தியாவின் முதல் உலகப் பதக்கம் அது. 2019-இல் இந்திய இளையோர் அணி குழு விரைவோட்டத்தில் உலகத் தங்கமே வென்றது. அவ்வணியில் இருந்த மணிப்பூரின் ரொனால்டோ சிங் 2022-இல் தில்லியில் நடந்த ஆசியப் போட்டியில், மூத்தோர் பிரிவில் வெள்ளி வென்றார்; எந்த இந்தியரும் அதுவரை எட்டாத இடம் அது.

இந்தப் பெயர்களில் எத்தனை நமக்குத் தெரியும்? தங்கம் வென்ற செய்தி விளையாட்டுப் பக்கத்தின் அடிமூலையில் வந்து மறைந்தது. நம்மவர் இல்லை என்பதால் பார்க்கவில்லை என்று சொல்லிக்கொள்கிறோம். நம்மவர் வந்தபோதும் பார்க்கவில்லை. பார்வையாளர் இல்லாத இடத்துக்கு விளம்பரதாரர் வரமாட்டார். அவர் வராத இடத்தில் 10 லட்ச ரூபாய் வண்டியை மணிப்பூர்க் குடும்பமோ நிக்கோபார்க் குடும்பமோ வாங்க முடியாது. 2026 ஜனவரியில் புனே நகரைச் சுற்றிப் பன்னாட்டு அணிகள் கலந்துகொண்ட பல நாள் சாலைப் பந்தயம் நடந்தபோது, மராட்டியச் சிற்றூர்களில் பள்ளிப் பிள்ளைகள் சாலையோரம் வரிசையாக நின்று ஆர்ப்பரித்தார்கள். கடந்து சென்ற வெளிநாட்டவரில் எவர் பெயரும் அவர்களுக்குத் தெரிந்திருக்காது. அவர்களில் சிலராவது அன்றிரவு ஒரு பெயரைக் கேட்டறிந்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

ரொனால்டோ சிங்கின் பெயர், கால்பந்து ரசிகரான அவர் தந்தை பிரேசில் வீரர் ரொனால்டோவின் நினைவாக வைத்தது. லெனின் என்றும் காஸ்ட்ரோ என்றும் பிள்ளைகளுக்குப் பெயரிட்ட தமிழ்நாட்டுக்கு இது வியப்பில்லை. அந்த மனிதருக்கு, பிரேசிலில் உறவினர் எவரும் இல்லை.